கையில் சுற்றிய கயிறு

குதிரையின் வயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து, இந்தப் பக்கம் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டுதான் என் தம்பியின் வருங்கால மாமனார் எனக்கு வணக்கம் சொன்னார்.

"வாங்க மருமகளே. பிரயாணமெல்லாம் சொகமா? சாப்பிட்டீகளா?"

சிங்கப்பூரில் ஒரு சவாரிப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. முதல் நாள் முதல் பாடமே குதிரையின் பின்னால் நிற்காதே, அடியில் நுழையாதே என்பதுதான். மீறி நுழைந்த பிள்ளையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இவரை எங்கே அனுப்புவது? திருத்தங்கல்லில் அவர் வீட்டு வாசலில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. விருதுநகர் ஸ்டேஷனுக்கு வந்த கார் சூலக்கரை தாண்டியதும் புகைந்து நின்றுவிட்டது. டிரைவர் யாருக்கோ போன் போட, காலண்டர் கட்டு ஏற்றிக்கொண்டு ஒரு லோடு ஆட்டோ வந்தது. புடவைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் பிறக்காத வருடத்தின் முருகன் படங்கள் முதுகில் இடிக்க, கல்யாண வீட்டுக்கு வந்து இறங்கினேன். மாப்பிள்ளையின் அக்கா, அதுவும் அப்பா அம்மா இல்லாத மாப்பிள்ளைக்குப் பெரியவளாக நிற்கவேண்டியவள், இப்படி வந்து இறங்கியதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். குதிரையைப் பார்க்கும் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

பவளம் என்று பெயர். செவலை நிறம், நல்ல உயரம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அந்த மாமனார், ராஜாமணி மாமாவுக்கு நாரணாபுரத்தில் சின்னதாக ஒரு பட்டாசு யூனிட். குதிரை அவருடைய ஆசைக்கு வளர்ப்பது. மாப்பிள்ளை அழைப்பு அன்றைக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் என் தம்பி கதிர் இதன்மேல் ஏறித்தான் வரவேண்டும். வழிநெடுக வாணம். பட்டாசுக்காரர் மகள் கல்யாணம் சத்தமில்லாமல் நடந்தால் ஊர் பேசுமாம்.

கதிருக்குக் கம்ப்யூட்டர் வேலை. குதிரையைக் கைபேசியில் பார்த்ததோடு சரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீடியோ காலிலேயே சரி சொல்லியிருக்கிறான். "சூப்பரா இருக்கும்க்கா" என்றான். அவன் காதைத் திருகலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலம் வரை நான் அந்தக் குதிரையையும் மனிதரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் ரப்பர் செருப்போடு குளம்புக்குப் பக்கத்தில் நிற்கிறார். நகரச் சொல்வதென்றால் பின்பக்கமாகப் போய்ப் புட்டத்தில் ஒரு தட்டு, "ஏட்டி, தள்ளு!" கட்டுவது லோடு ஆட்டோவின் கம்பியில். அவசரத்துக்கு ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு ஒன்று உண்டு, எங்கள் பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளை போடும். இவர் போடுவது ஈரமானால் அரிவாள் கேட்கிற முடிச்சு. எங்கள் ஊரில் ஒவ்வொரு குதிரைக்கும் தீவனம் எடை போட்டு வைப்போம். இங்கே பவளம் உள்ளங்கையிலிருந்து சாத்தூர் சேவு தின்றது, ஆறிப்போன டீயைக் குண்டானோடு உறிஞ்சியது, பிறகு என் துப்பட்டாவைக் கடித்துப் பார்த்தது.

"லாடம் அடிக்கலையா மாமா? தார் ரோட்டுல நடக்குதே?"

"இரும்பு கல்லுல பட்டாப் பொறி பறக்கும்லாம்மா. எங்க கையி அதுக்குப் போகாது."

"குதிரை யூனிட்டுக்குள்ளயா போகுது?"

"போகாது. இருந்தாலும் பளக்கம்."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. குதிரையை நடத்திக்கொண்டு போகும்போது கயிற்றை வலது மணிக்கட்டில் சுற்றுகிறார். ஒரு சுற்று இல்லை, வரிசையாக, வளையல் போட்டதுபோல. மிச்சத்தை விரல்களுக்குள்ளும் கோத்துக்கொள்கிறார். குதிரை மிரண்டு ஓடினால் அந்தக் கயிறு இறுகும். விரல் போகும், கை போகும், ஆளே பின்னால் இழுபட்டுப் போவார். அதனால்தான் கயிற்றை உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொள்ளச் சொல்வோம். இழுத்தால் நழுவிப் போய்விட வேண்டும். எங்கள் லாயத்தில் வேலை செய்த ஒருவருக்கு மோதிர விரல் இல்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அவர் அந்தக் கையைத்தான் காட்டுவார்.

இரவு சாப்பாட்டுக்கு விருதுநகரிலிருந்து எண்ணெய் பரோட்டா வாங்கி வந்திருந்தார்கள். மொறுமொறுவென்று, சால்னாவோடு. என்னால் ஒன்றுக்குமேல் தின்ன முடியவில்லை. "சிங்கப்பூர் வயிறு" என்று மாமாவின் தங்கச்சி கேலி செய்தார். என் நினைப்பு அந்தக் கயிற்றிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் மாமா யூனிட்டைக் காட்டக் கூட்டிப்போனார். அங்கே நான் கண்ட மனிதர் வேறு. வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்குச் சுவரில் ஒரு செப்புத் தகடு, அதைத் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் கால் வைக்கவேண்டும். நான் தகட்டைத் தொடப் போனேன். மாமா என் உடுப்பைப் பார்த்தார்.

"இது நைலான் துணியா மருமகளே? அப்ப உள்ள வரப்படாது. தப்பா நெனைக்காதீக."

சம்பந்தி என்றெல்லாம் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்துவிட்டார். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பது அங்கிருந்தே கேட்டது.

"புகை கண்டா, பொறி கண்டா, கையில என்ன இருந்தாலும் போட்டுட்டு வெளிய ஓடணும். எதையும் எடுக்கப்படாது. யாருக்காகவும் திரும்பப்படாது. வெளங்குதா? எங்க, திருப்பிச் சொல்லுங்க."

அவர்கள் சொன்னார்கள். மறுபடியும் சொல்லச் சொன்னார்.

திரும்பி வரும்போது கேட்டே விட்டேன். "இங்கே இத்தனை விதி பார்க்கிறீங்களே மாமா, குதிரைகிட்ட மட்டும் ஏன் ஒண்ணுகூட இல்லை?"

"இருக்குற விதியெல்லாம் அங்கனயே செலவாயிருது மருமகளே. வீட்டுக்கு வரயில பை காலி." தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் பவளத்துக்கு ஓட்டம். எப்படி என்றால், மாமா மொபெட்டில் போவார், குதிரை பக்கத்தில் கயிற்றில் ஓடிவரும். ஊருக்கு வெளியே பொட்டலில், வானத்தில் போய் அடுக்கடுக்காக வெடிக்கிற புது ஷாட் வாணங்களை விட்டுப் பார்க்கிற இடம் இருக்கிறது. அதன் ஓரமாகக் குதிரையை நிறுத்திச் சத்தம் பழக்குவாராம். "ஏறுங்க, பின்னால" என்றார். கண்ணால் பார்த்துவிட்டால் பேச வசதி என்று நானும் ஏறித் தொலைத்தேன்.

இடது கையில் மொபெட்டின் கைப்பிடி. வலது கை மணிக்கட்டில் கயிறு, அதே கையால்தான் வேகமும் கொடுக்கவேண்டும். குதிரை என் முழங்காலை உரசிக்கொண்டு ஓடிவந்தது. எதிரே மினி பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. பவளம் காதைக்கூட அசைக்கவில்லை, பயந்தது நான்தான். பஸ்ஸுக்கு ஒதுங்கியதில் சக்கரம் சரளையில் இறங்கியது. மொபெட் சாய்ந்தது, நான் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். நிமிர்ந்து பார்த்தால் மாமா மண்ணில் கிடக்கிறார், வலது கை மட்டும் மேலே தூக்கியபடி. கயிறு அப்படியே இருந்தது. குதிரை நின்று அவர் தலையை மோந்துகொண்டிருந்தது.

"பாத்தீகளா? நின்னுட்டா பாருங்க!" என்றார் படுத்தபடியே, பெருமையாக.

என் முழங்காலில் தோல் உரிந்து ரத்தம். ஆத்திரம் தாங்கவில்லை. நடுரோட்டில் நின்று கத்தினேன். "அது நின்னுச்சு மாமா. ஓடியிருந்தா? கையோட போயிருக்கும். நாளைக்கு இது முதுகுல என் தம்பி இருப்பான். எனக்கு அவன் ஒருத்தன்தான்."

அவர் முகம் வாடிப்போனது. எழுந்து, மொபெட்டை நிமிர்த்தி, தள்ளிக்கொண்டே நடந்தார்.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. சமையற்கட்டில் மாமாவின் தங்கச்சி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்த வீட்டுல குதிரைதான் பிடிக்கலையா, பொண்ணே பிடிக்கலையான்னு கேளுங்க. காரு வேணும்னா நேரா கேக்கட்டும்." எனக்குச் சுரீரென்றது. இங்கே நான் சொல்வது ஒரு பயிற்சியாளர் சொல் இல்லை, மாப்பிள்ளை வீட்டுச் சொல். ஒரு முடிச்சைக் குறை சொன்னால் ஒரு கல்யாணமே அவிழ்ந்துவிடும்.

சிங்கப்பூருக்கு, என் பள்ளியின் முதலாளி அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இவ்வளவுதான்: "அந்தக் குதிரையில் யாரையும் ஏற்றாதே. நீ பக்கத்தில் இருந்து ஏற்றினால் பொறுப்பு உன்னுடையது." அது எனக்கே தெரியும். தெரியாதது, அதை இந்த வீட்டில் யாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான்.

மறுநாள் காலை மணப்பெண் மீனா என் முழங்காலுக்கு மருந்து போட வந்தாள். சின்னப் பெண், குரல் மட்டும் பெரிது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"மதினி, அப்பா கயித்தச் சுத்துறது குதிரைக்கு மட்டும் இல்ல. கிணத்துக் கயிறு, ஆட்டுக் கயிறு, எதப் பிடிச்சாலும் அப்படித்தான். நான் பிறக்கதுக்கு முந்தி, இன்னொரு கம்பெனில அப்பாவும் சித்தப்பாவும் வேலை பாத்தாக. ஒரு நாள் தீ பிடிச்சிருச்சு. அப்பா சித்தப்பா கையப் பிடிச்சுக்கிட்டு ஓடிருக்காக. வாசல்ல நெருக்கடில கை நழுவிருச்சு. திரும்பப் போகப்படாதுல்லா, அதான சட்டம்? அப்பா திரும்பல. அதனாலதான் உசுரோட இருக்காக. இத அப்பா சொன்னதே இல்ல. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். பாவமாக இருந்தது. பயமும் குறையவில்லை. பாவப்பட்டவர் கையில் கயிறு இருந்தால் மட்டும் குதிரை ஓடாதா என்ன?

பவளத்துக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் போனேன். ஊர்வலத்தில் நானும் கூட நடப்பேன், வலப்பக்கம் எனக்கு ஒரு கயிறு வேண்டும் என்றேன். இடப்பக்கம் அவர், வலப்பக்கம் நான். அவர் குதிரையின் பிடரியைக் கோதினார்.

"தாராளமா வாங்க. ஆனா நீங்க பிடிக்கிற மாதிரி நீங்க பிடிங்க, நான் பிடிக்கிற மாதிரி நான் பிடிக்கேன்."

அதுதான் எங்களுக்குள் நடந்த உடன்படிக்கை.

பொழுது சாயும் நேரத்தில் பேண்டு செட் முழங்க ஊர்வலம் கிளம்பியது. குழல்விளக்கு ஏந்தியவர்கள் இரண்டு வரிசை, அதற்கு மின்சாரம் தர ஜெனரேட்டர் வைத்த லோடு ஆட்டோ குதிரைக்குப் பின்னால். தலைப்பாகையும் மாலையுமாகக் கதிர் மேலே உட்கார்ந்து, யாரோ படம் எடுக்கும் பக்கமெல்லாம் பல்லைக் காட்டினான். முழங்காலால் குதிரையை நெருக்காதே, கால் வைக்கும் அங்கவடியில் பாதத்தை முழுசாக நுழைக்காதே என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். "சரிக்கா, சரிக்கா" என்றான். எதுவும் காதில் ஏறவில்லை.

சரவெடிக்குத் தடை என்பதால் மாமா அதைத் தொடவில்லை. தூரத்தில் பெட்டி பெட்டியாக ஷாட் வைத்து வானத்தைக் கொளுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் என் நெஞ்சு தூக்கிப் போட்டது. பவளம் ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டு நடந்தது. பாதி வழியில் எனக்கே தைரியம் வந்துவிட்டது. இத்தனை நாள் வீணாகத்தான் பயந்தோமோ என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

வானத்திலிருந்து வந்ததல்ல. உள்ளங்காலில் ஒரு அதிர்வு, பிறகு கடகடவென்று ஒரு முழக்கம். பேண்டு நின்றது. நிறுத்தச் சொல்லி யாரும் கைகாட்டவில்லை, தானாக நின்றது. தெரு முழுக்க அத்தனை முகமும் ஒரே திசையில் திரும்பியது. நான் அப்படி ஒரு மௌனத்தைக் கேட்டதில்லை.

"எந்தப் பக்கம்லே?"

"நாரணாபுரமா? ஏலே, போனப் போடு!"

"எங்கக்கா இன்னும் வேலைக்காட்டுலருந்து வரல..."

பட்டாசு வேலை விட்டு வராதவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார்கள். கூட்டம் உடைந்தது. விளக்குகளைப் போட்டுவிட்டு வண்டிகளைத் தேடி ஓடினார்கள். லோடு ஆட்டோ டிரைவரின் மனைவி ஒரு யூனிட்டில் வேலை செய்கிறவள். மனிதர் பதறிக் குதித்து ஓடியதில் பிரேக்கைப் போட மறந்துவிட்டார். சரிவில் ஆட்டோ தானாக உருண்டு வந்து பவளத்தின் பின்னங்காலில் மோதியது.

எந்த வெடிக்கும் அசையாத குதிரை அப்போது பாய்ந்தது. என் கயிறு உள்ளங்கையிலிருந்து சரசரவென்று நழுவிப்போனது. எப்படி நழுவவேண்டும் என்று நான் ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேனோ அப்படியே நழுவியது. என் கையில் ஒரு கீறல் இல்லை. குதிரையின் மேல் என் தம்பி இருந்தான்.

"விடுங்க மாமா! விடுங்க! கையை விடுங்க!"

தொண்டை கிழியக் கத்தினேன். நாக்குக்குப் பழகிய பாடம், அதுதான் வந்தது. அவர் விடவில்லை. விழுந்தார், இழுபட்டார், ஒரு பக்கமாகத் தார் ரோட்டில் தேய்ந்துகொண்டே போனார். தெருமுனைக்கு அந்தப் பக்கம் மெயின் ரோடு, டிப்பர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மாமாவின் உடம்பு பாரம் குதிரையின் தலையை இடப்பக்கமாக இழுத்தது. நேராக ஓட முடியாமல் அது வட்டமாகத் திரும்பியது. இன்னொரு வட்டம். பிறகு ஒரு அச்சகத்தின் சுவரில் விலா உரச, மூச்சிரைக்க நின்றது. கதிர் பிடரியைக் கட்டிக்கொண்டு தொங்கினான். ஓடிப்போய் அவனை இறக்கினேன்.

சுவரோரம் கிடந்த மாமா முதலில் கேட்டது தன் கையைப் பற்றி அல்ல.

"சத்தம் எந்தப் பக்கம்? யாருக்கும் எதுவுமா?"

யாரோ காதில் போனை வைத்தபடி கத்தினார். "குவாரிங்க! கல்குவாரில நேரங்கெட்ட நேரத்துல வெடி வச்சிருக்கான். நம்ம பக்கம் ஒண்ணுமில்ல!"

தெரு ஒட்டுமொத்தமாக மூச்சு விட்டது. ஒரு பெண் உட்கார்ந்து அழுதாள். இன்னொருத்தி சிரித்தாள். கயிறு மாமாவின் கையில் புதைந்திருந்தது. அதைக் கத்தியால்தான் அறுக்கவேண்டியிருந்தது. விரல்கள் கத்தரிப்பூ நிறத்தில் வீங்கிவிட்டன.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலும் மணிக்கட்டும் முறிவு என்றார்கள். "கயித்தப் போயி கையில சுத்தலாமாய்யா?" என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

"இவுக நேத்தே சொன்னாக டாக்டர்" என்று மாமா என்னைக் காட்டினார்.

டாக்டர் போனதும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அத்தனை கத்தினேனே, ஏன் மாமா விடலை?"

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "விட்டாப் போயிருவாக மருமகளே" என்றார்.

நான் சொல்லிக்கொடுக்கும் விதி தப்பில்லை. ஊருக்குப் போனாலும் அதையேதான் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் அது கயிறு பிடிக்கிறவரைக் காப்பாற்றுகிற விதி, மேலே உட்கார்ந்திருப்பவனைக் காப்பாற்றுவது அல்ல என்பது இத்தனை வருடத்தில் எனக்கு உறைத்ததே இல்லை.

காலையில் கல்யாணம். தாரை வார்க்கும் நேரம் வந்தது. மகள் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைக்கவேண்டிய வலது கை கட்டுக்குள் இருந்தது. இடது கையால் கொடுக்கலாமா என்று பின்னால் முணுமுணுத்தார்கள். "எந்தக் கையா இருந்தா என்ன, கொடுக்கட்டும்" என்று நான் சத்தமாகச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுச் சொல் அல்லவா, முணுமுணுப்பு அடங்கியது.

மாமா இடது கையால் மீனாவின் கையைப் பிடித்துக் கதிரின் கையில் வைத்தார். மீனாவின் அம்மா, எங்கள் அத்தை, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். ஊற்றி முடிந்தது. மாமா கையை எடுக்கவில்லை.

"கைய விடுங்க" என்றார் ஐயர்.

அவர் விடவில்லை. தலை குனிந்தபடியே இருந்தார்.

"விடுங்கண்ணே, நேரம் ஆகுதுல்லா" என்றார் அவர் தங்கச்சி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெண்ணைப் பெற்றுக்கொள்கிற வீட்டுப் பெரியவள் நான்தான், நான்தான் சொல்லவேண்டும். நேற்று நடுத்தெருவில் தொண்டை கிழியக் கத்திய அதே சொல். என் வாய் திறக்கவில்லை.

"இருக்கட்டும் சாமி" என்றான் கதிர். "மாமா பிடிச்சிருக்கட்டும்."

அத்தைக்கு என்ன தோன்றியதோ, செம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் மூன்று கைகளின்மேலும் ஊற்றினார். மீனா அழுதாள். மேளக்காரர்கள் எப்போது கொட்டுவது என்று தெரியாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மாமா தானாகவே விட்டார், ஒவ்வொரு விரலாக. கெட்டிமேளம் கொட்டியது.

காலியான அந்தக் கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கித்தான் பிடித்தார், வலித்தது. நான் விடச் சொல்லவில்லை.